1914–1918 சிலுவைக்கு 1935 தேதியிட்ட பத்திரமா?

நீங்கள் வாங்கிய ஜெர்மன் சிலுவைப் பதக்கத்தோடு வந்த விருதுப் பத்திரத்தில் 1935 என்று இருக்கிறதே, போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். தேதியை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். முதல் உலகப் போருக்கான இந்த ஹிண்டன்பர்க் சிலுவையை ஏற்படுத்தியதே 1934 ஜூலையில்தான். போருக்குப் போனவர்கள் விண்ணப்பித்து வாங்கினார்கள். 1935-இல் உள்ளூர் போலீஸ் அதிகாரியின் கையெழுத்து இருப்பது சகஜம்.

எனக்கு இடிப்பது வேறு. நீங்கள் போட்ட படத்தில் சிலுவையின் குறுக்கே வாள்கள். பத்திரத்திலோ ‘கிரீக்ஸ்டைல்நேமர்’, அதாவது போர்முனையில் நிற்காமல் போர்ப்பணியில் இருந்தவர் என்று இருக்கிறது. அவர்களுக்கு வாள் இல்லாத சிலுவைதான். வாள் உள்ளது ‘ஃப்ரண்ட்கெம்ஃபர்’, அதாவது போர்முனையில் நின்றவர்களுக்கு. (கறுப்பு அரக்குப் பூசியது போரில் இறந்தவர்களின் விதவைகளுக்கும் பெற்றோருக்கும்.) விற்றவர் இரண்டு இடத்துச் சரக்கை ஜோடி சேர்த்திருப்பார் என்றே தோன்றுகிறது.

சிலுவையில் காந்தம் வைத்துப் பாருங்கள். இரும்பில் அடித்து வெண்கல நிறம் ஏற்றியது, ஒட்ட வேண்டும். பின்பக்கம் தயாரிப்பாளர் முத்திரையையும் தேடுங்கள். ஒட்டினாலும் அது பத்திரத்தில் பெயருள்ள ஆளுடையது என்று ஆகிவிடாது. சிலுவையில் பெயர் பொறிப்பதில்லை. பத்திரத்தில்தான் பெயர் இருக்கிறது, அதைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த ஆளைத் தேடுவதானால், அவர் ஜெர்மனியின் பவேரியப் படைக்காரர் என்றால் மியூனிக் போர் ஆவணக் காப்பகத்தில் பட்டியல்கள் இருக்கின்றன. பிரஷ்யப் படை என்றால் கஷ்டம். அந்த ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரல் குண்டுவீச்சில் போட்ஸ்டாமில் எரிந்துபோனது.