கேள்வி பதில்: மார்ஷல் மாட் தில்லனாக வாழ்ந்த ஜேம்ஸ் ஆர்னெஸ்

பழைய அமெரிக்க கௌபாய் தொடர்களைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 'கன்ஸ்மோக்' டிவி தொடரில் சட்டத்தைக் காக்கும் அதிகாரி (மார்ஷல்) மாட் தில்லனாக நடித்த ஜேம்ஸ் ஆர்னெஸைச் சுற்றித்தான். அவருக்கே இந்த முறை இடம்.

கேள்வி: தில்லன் வேடம் முதலில் கௌபாய் படங்களின் பெரிய நட்சத்திரம் ஜான் வெய்னுக்குப் போனதாமே?

பதில்: பலரும் சொல்லும் கதை; நான் பெரிதாக நம்புவதில்லை. 1955 செப்டம்பரில் முதல் எபிசோடு வந்தபோது வெய்ன் திரையில் தோன்றி ஆர்னெஸை அறிமுகப்படுத்தியது மட்டும் நிஜம். 'ஹோண்டோ' படத்தில் (1953) இருவரும் சேர்ந்து நடித்தவர்கள். வேடத்தை இழந்தவர் என்றால் வில்லியம் கான்ராட்டைத்தான் சொல்ல வேண்டும். 1952 முதல் ரேடியோ 'கன்ஸ்மோக்'கில் தில்லன் அவர்தான். கம்பீரமான குரல், ஆனால் ஆள் பருமன். டிவியில் அது எடுபடாது என்று விட்டுவிட்டார்கள்.

கேள்வி: 'கன்ஸ்மோக்'கிற்கு முன் ஆர்னெஸ் என்ன செய்துகொண்டிருந்தார்?

பதில்: சின்னச் சின்ன வேடங்கள். 6 அடி 7 அங்குல உயரத்தை வைத்துக்கொண்டு யாரோடு ஜோடி போடுவது? 1951இல் 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' படத்தில் வேற்றுக்கிரகப் பிராணியாக வந்தார். அதுவும் தாவர இனம்!

கேள்வி: சில காட்சிகளில் காலைச் சாய்த்து நடக்கிறாரே, அது நடிப்பா?

பதில்: போர்க்காயம். 1944இல் இத்தாலியின் அன்சியோவில் வலது காலில் குண்டு பாய்ந்தது. அந்த வலி கடைசிவரை விடவில்லை. இதில் ஒரு விநோதம் பாருங்கள். அதே தொடரில் தில்லனின் உதவியாளர் செஸ்டராக வந்த டென்னிஸ் வீவர், மடங்காத காலை இழுத்து இழுத்து நடப்பார். அது சுத்தமான நடிப்பு, அவருக்கு டிவி நடிப்புக்கான எம்மி விருதும் கிடைத்தது. நிஜமாகவே கால் வலித்தவரோ அதை மறைத்துக்கொண்டு தெருவில் நிமிர்ந்து நடந்தார். மூன்று முறை பரிந்துரை, விருது ஒன்றுகூட இல்லை.

கேள்வி: எபிசோடின் தொடக்கத்தில் வரும் துப்பாக்கிச் சண்டையில் எதிரே நிற்பவர் யார்?

பதில்: அர்வோ ஓஜாலா. நடிகர்களுக்குத் துப்பாக்கியைச் சட்டென்று உருவக் கற்றுக்கொடுத்த வாத்தியார்.

கேள்வி: 20 வருஷம் ஒரே வேடம். திறமை வீணாகவில்லையா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொத்தம் 635 எபிசோடுகள். பாதிக்கு மேல் கதை வெளியூரிலிருந்து வருபவனுடையது. தில்லன் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அப்படிக் கேட்கும் முகம் எல்லா நடிகருக்கும் வாய்க்காது. 1967இல் தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் டிவி நிறுவனம் அதை நிறுத்தப் பார்த்தது. தலைவர் வில்லியம் பேலி தலையிட்டுக் காப்பாற்றினார். அதற்குப் பதிலாகப் பலியானது 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' என்ற இன்னொரு தொடர். 1975இல் முடிந்தபோது கடைசி எபிசோடு என்று தனியாக எதையும் எடுக்கவில்லை. அது எனக்கு இன்னமும் வருத்தம்தான். அப்புறம் 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்' தொடர், 1987 முதல் 1994 வரை ஐந்து 'கன்ஸ்மோக்' டிவி படங்கள். 2011இல், 88 வயதில் காலமானார்.

கேள்வி: எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

பதில்: 1961க்கு முந்தைய அரை மணி நேரக் கறுப்பு வெள்ளை எபிசோடுகள். எழுதியவர் பெயர் ஜான் மெஸ்டன் என்று வந்தால் யோசிக்காமல் உட்காருங்கள். கலர் எபிசோடுகளுக்கு அவசரமில்லை.