மாமா சொன்ன ஜோயி, மாமா சொல்லாத ஜோயி

பையன் பத்தாவது படிக்கிறான். பியானோவில் ஜாஸ் தவிர வேறெதையும் தொடுவதில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைப் பரீட்சையில் எட்டாம் கிரேடுக்குப் பணம் கட்டியும் பரீட்சைக்குப் போகவில்லை. போனில் ஒரே துண்டை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு வாசித்துக்கொண்டே இருக்கிறான். "ஜோயி அலெக்சாண்டர் 11 வயதில் ஆல்பமே போட்டுவிட்டான். வீட்டை அடமானம் வைத்தாவது பாஸ்டனில் இருக்கும் பெர்க்லீ இசைக் கல்லூரிக்கு அனுப்பு" என்கிறார் அமெரிக்க மாமா. அம்மாவுக்குத் தூக்கமில்லை; என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறார்.

அம்மா, ஆறுதல் அப்புறம். அடமானம் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே படிப்புக் கட்டணமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டும். தங்கல், சாப்பாடு தனி. ஜாஸ் வாசித்து அந்தக் கடனை அடைப்பது நடக்கிற காரியமில்லை.

ஜோயி கதையையும் மாமா பாதிதான் சொல்லியிருக்கிறார். 2003-ல் பாலியில் பிறந்த பையன். அப்பா வைத்திருந்த ஜாஸ் ரெக்கார்டுகளைக் கேட்டு, ஆறு வயதில் ஒரு சின்ன கீபோர்டில் ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மங்கின் இசையை வாசித்தான். பாலியிலும் ஜகார்த்தாவிலும் பெரியவர்களோடு ஜாம் செய்தே, அதாவது கூடி வாசித்தே, வளர்ந்தான். 2014-ல் டிரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸ் நியூயார்க் மேடைக்கு அழைத்தபோது வயது 10. மறு ஆண்டு வந்த முதல் ஆல்பத்துக்கு இரண்டு கிராமி பரிந்துரைகள். இதில் கல்லூரி எங்கே வந்தது? உங்கள் பையன் போனை வைத்துக்கொண்டு செய்வதும் அதே காது வேலைதான். கூட வாசிக்க ஆள்தான் இல்லை. முதலில் ஒரு பேஸ் கிட்டார்காரரையும் டிரம்ஸ்காரரையும் தேடிப் பிடியுங்கள்.

பட்டம் வேண்டுமென்றால், நம் வீடுகளில் யாரும் பேசாத வழி ஒன்று இருக்கிறது: ஜெர்மனியின் அரசு இசைப் பல்கலைக்கழகங்கள். கொலோனில் ஜாஸ் துறை உண்டு. பெர்லினில் ஜாஸுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் வெளிநாட்டு மாணவருக்கும் படிப்புக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ கேட்பார்கள், அதைத் தவிர்த்துவிடலாம். ஆனால் சாப்பாட்டுச் செலவு நம்முடையது. விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம் மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்டச் சொல்கிறார்கள்; இந்தத் தொகை அவ்வப்போது உயரும்.

நுழைவுத் தேர்வு கடுமை, இடங்கள் மிகக் குறைவு. நேரில் வாசித்துக் காட்ட வேண்டும், அதுவும் பேஸ், டிரம்ஸ் கலைஞர்களோடு சேர்ந்து. காதுப் பயிற்சிக்கும் இசைக் கோட்பாட்டுக்கும் தனித்தனிச் சோதனை. கிரேடு சான்றிதழை வைத்து இடம் தர மாட்டார்கள். அதனால் விட்டுப்போன அந்தப் பரீட்சைக்காக அவனைத் திட்டாதீர்கள். ஜெர்மன் மொழியும் தேவை. பிளஸ் டூ முடிவதற்குள் ஜெர்மன் சொல்லித்தரும் மாக்ஸ் முல்லர் பவன் பாடங்களில் பி1 என்ற நடுத்தர நிலை வரை போய்விடலாம். பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு பொருந்தும் என்பதை மட்டும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதிகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஜெர்மன் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் அவனையே கேளுங்கள். "வீட்டில் வாசித்தால் போதும், படிப்பு வேறு" என்று சொன்னால், அதுதான் முடிவு. மாமாவுக்கு என் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.