வன்னிப் பெண்கள் மன அழுத்தத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள், அதை எப்படி அளப்பது? கேள்வி பதில்

இலங்கையின் வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் கிராமங்களில் உளசமூகப் பணி செய்கிறேன். ஆய்வு செய்யும் பிள்ளைகளும் களத்தில் நிற்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

வவுனியா, பல்கலைக்கழக மாணவி: அக்கா, பத்துக் கேள்வி உள்ள மன அழுத்த அளவை ஒன்று கையில் இருக்கிறது. ஆய்வுக்கு அது போதுமா?

போதாது தங்கச்சி. ஷெல்டன் கோஹனும் கூட்டாளிகளும் 1983இல் வெளியிட்ட அளவையின் சுருங்கிய வடிவம் அது. கடந்த ஒரு மாதத்தில் அழுத்தத்தை எவ்வளவு உணர்ந்தார் என்பதை 0 முதல் 40 வரை சொல்லும். அந்தப் பெண் அதை எப்படித் தாங்குகிறார் என்று சொல்லாது. அதற்கு சார்ல்ஸ் கார்வர் 1997இல் சுருக்கித் தந்த 28 கேள்விகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம், கோஹனின் பத்தில் 4, 5, 7, 8 ஆகிய நான்கும் நல்ல பக்கத்தைக் கேட்பவை. அவற்றின் புள்ளியைத் திருப்பிப் போட்ட பிறகே (0 என்றால் 4, 1 என்றால் 3 என்று) கூட்ட வேண்டும்.

முல்லைத்தீவு, முன்பள்ளி ஆசிரியை: அந்த 28ஐயும் தமிழில் கேட்டுப் பார்த்தோம். குடிவகை, போதைப்பொருள் பற்றிய கேள்வி வந்ததும் அம்மாமார் முகம் சுளித்தார்கள். எடுத்துவிடலாமா ரீச்சர்?

எடுக்கலாம். அந்த அளவை, சமாளிக்கும் விதங்களை இரண்டிரண்டு கேள்வியாக 14 வகையாகக் கேட்கிறது. ஒவ்வொரு வகையையும் தனியாகத்தான் பார்ப்பது, எல்லாவற்றையும் கூட்டி ஒரே புள்ளி போடுவதில்லை. ஒரு வகை போனால் மற்றவை கெடாது. எடுத்ததை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை அந்த 28இல் இல்லாதவை பற்றித்தான். முதலில் மாதர் சங்கக் கூட்டத்தில் வினாக்கொத்து இல்லாமல் இருங்கள். "யோசினை கூடினால் என்ன செய்வீங்கள்?" என்று மட்டும் கேட்டு, சொல்வதை அப்படியே எழுதுங்கள். வட்டாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பது, மடு மாதாவிடம் போவது, சீட்டுக் காசை முந்தி எடுப்பது, தோட்டத்துக்குள் இறங்கி இருட்டும்வரை களை பிடுங்குவது என்று வரும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தோடு அங்கே போய் இருப்பதை எந்த வகையில் போடுவீர்கள்? பிரச்சினையை நேரே எதிர்கொள்வதா, துணை தேடுவதா, இறை நம்பிக்கையா? ஒரே தாய்க்கு மூன்றும்தான். அதைக் கேட்க நாங்களே ஒரு கேள்வி எழுத வேண்டும். காயத்ரி பெர்னாண்டோ 2008இல் அப்படித்தான், இலங்கை மக்களின் சொந்தக் கதைகளிலிருந்து ஓர் அளவை செய்தார்.

மாங்குளம், தன்னார்வலர்: "ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி" என்றால் வயதான அம்மாமார் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்கிறார்கள்.

புளியங்கொட்டை கொண்டு போங்கள். நாலு கொட்டையைக் கையில் கொடுத்து, "இந்த மாசம் இது எவ்வளவு இருந்ததோ அவ்வளவை வையுங்கோ" என்று சொல்லுங்கள். ஒன்றை வைத்துவிட்டு, யோசித்து, இன்னொன்றையும் தள்ளுவார்கள். அந்தத் தயக்கத்தையும் ஓரத்தில் குறியுங்கள்.

ஒட்டுசுட்டான், களப்பணியாளர்: அக்கா, வீட்டுத்திட்டப் பட்டியல் என்று நினைத்துக் கஷ்டத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள் போல இருக்கிறது.

தம்பி, அவர்களிடம் பிழை இல்லை. 2009இல் போர் முடிந்த பிறகு படிவத்தோடு வந்தவர்கள் அநேகம் பேர் பட்டியல் எடுக்கத்தானே வந்தார்கள்? உதவி எதுவும் இதனால் வராது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கிராம சேவகரோடு சேர்ந்து படலை திறக்காதீர்கள். மாமி தாழ்வாரத்தில் இருந்தால், கிணற்றடியில் வைத்துக் கதையுங்கள். நுண்கடன் அறவிட ஆள் வரும் நாளில் போகவே வேண்டாம், அன்றைய பதில் அந்தத் தவணைக்கான பதில். காலபோக நெல் அறுவடைக்குப் பின் கேட்டதையும், போர் முடிந்த நினைவு வரும் மே மாதத்தில் கேட்டதையும் ஒன்றாகக் கலக்கவும் கூடாது.

வவுனியா, இன்னொரு மாணவர்: கும்பிடுவது "தப்பித்தல்" என்கிறார் என் மேற்பார்வையாளர்.

கார்வரே சமய நம்பிக்கையைத் தனி வகையாகத்தான் வைத்திருக்கிறார். அதைக் காட்டுங்கள்.

கிளிநொச்சி, பெயர் வேண்டாம் என்றவர்: பாதியில் ஒரு அம்மா அழத் தொடங்கினா. நான் மிச்சக் கேள்விகளையும் கேட்டு முடித்தேன். சரியா?

இனி அப்படிச் செய்யாதீர்கள். பேனையை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். தண்ணி கொடுங்கள். தொடரலாமா, நிறுத்தலாமா என்பதை அவவே சொல்லட்டும். பாதியில் நின்ற படிவத்தால் ஆய்வு கெட்டுப்போகாது. களத்துக்கு இறங்குமுன்பே வைத்தியசாலை மனநலப் பிரிவோடு கதைத்து, அனுப்பினால் யார் பார்ப்பார்கள், எந்த நாளில் கிளினிக் என்று எழுதி வாங்குங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் சின்னத் துண்டில் எழுதிக் கொடுங்கள். கணவன் அடிக்கும் வீடு என்று சந்தேகம் இருந்தால் துண்டு வேண்டாம், வாயால் சொல்லுங்கள். இந்த வாரமே அந்த அம்மாவிடம் படிவம் இல்லாமல் ஒருக்கால் போய் வாருங்கள்.