வாடகைத் தாய்: பேசும் தொகை எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு?

வாடகைத் தாயாக இருப்பது பற்றியும் அதற்கான பணம் பற்றியும் உள்ளூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வாசகிகள் கேட்ட கேள்விகளுக்கு, மகப்பேறு மருத்துவமும் குடும்பச் சட்டமும் அறிந்த எங்கள் ஆலோசனைக் குழு பதில் தருகிறது.

எனக்கு வயது 28. இரண்டு குழந்தைகள். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், கடன் இருக்கிறது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வாடகைத் தாயாக வந்தால் 5 லட்சம் ரூபாய், பிரசவம் வரை தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்று தெரிந்த அக்கா ஒருவர் சொல்கிறார். முன்பணம் 20,000 உடனே தருவாராம். போகலாமா?
— வாசகி, மதுரை

போக வேண்டாம், சகோதரி. இந்தியாவில் பணத்துக்கு வாடகைத் தாயாக இருக்க வழியே இல்லை. வாடகைத் தாய் முறை ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணம் பேசி இதை நடத்துகிறவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குற்றம் ஜாமீனில் வர முடியாத வகை.

உங்களிடம் அந்த அக்கா சொல்லியிருக்க மாட்டார் என்று நாங்கள் நினைக்கும் ஒன்று இருக்கிறது. இப்படி ஒரு வழக்கு வந்தால், அந்தப் பெண்ணைக் கணவரோ உறவினரோ குழந்தை கேட்ட தம்பதியோ கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. அதாவது உங்கள் கணவரும் கூண்டில் நிற்க நேரலாம்.

பணத்துக்கும் உத்தரவாதம் இல்லை. சட்டவிரோத ஒப்பந்தத்தை வைத்து யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது. 5 லட்சம் பேசிவிட்டு ஒன்றரை லட்சத்தோடு அனுப்பினாலும் கேட்க நாதி கிடையாது. இதைவிட எங்களைக் கவலைப்படுத்துவது ஆள்மாறாட்டம். 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையை விற்ற வழக்கில் போலி ஆதார் அட்டைதான் வழி திறந்துவிட்டது. வேறு பெயரில் நீங்கள் அட்மிட் ஆனால், உங்கள் ரத்த வகை, முந்தைய சிசேரியன், பழைய ரத்தசோகை எதுவும் கேஸ் ஷீட்டில் இருக்காது. நடுராத்திரியில் ரத்தப்போக்கு ஏற்பட்டால், டியூட்டி டாக்டர் கையில் இருப்பது இன்னொருத்தியின் உடல் வரலாறு.

முன்பணம் வாங்கியிருந்தாலோ, கையெழுத்துப் போட்டிருந்தாலோ பயப்பட வேண்டாம். 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள்.

என் நாத்தனாருக்குக் கர்ப்பப்பை எடுத்துவிட்டார்கள். அவருக்காக நான் சுமக்கத் தயார். வயது 31, ஒரு பையன். பணம் எதுவும் வேண்டாம். ஆனால் வேலையை விட வேண்டியிருக்கும். சட்டப்படி எனக்கு என்ன கிடைக்கும்?
— வாசகி, சேலம்

மருத்துவச் செலவும் காப்பீடும் மட்டும்தான். வேலைக்குப் போகாமல் இழக்கும் சம்பளத்தை ஈடுகட்ட இந்தச் சட்டத்தில் இடம் இல்லை. சுமக்கிற பெண்ணின் பத்து மாத உழைப்புக்கு மதிப்பே வைக்காத குறையாகத்தான் இதை நாங்கள் பார்க்கிறோம். ஆனாலும் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது. ஆகவே வேலையை விடும் முன் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தகுதி உங்களுக்குப் பொருந்துகிறது. உங்கள் கர்ப்பப்பைக்குள் கரு வைக்கும் நாளில் 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், திருமணமாகி, சொந்தக் குழந்தை இருக்க வேண்டும். உங்கள் கருமுட்டையைப் பயன்படுத்தக் கூடாது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வாடகைத் தாயாக இருக்கலாம், அதற்கான முயற்சிகளும் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. நாத்தனார் தரப்பில் அவருக்கு 23 முதல் 50 வயது, கணவருக்கு 26 முதல் 55.

முதலில் அவர்கள் மாவட்ட மருத்துவ வாரியத்தில், வாடகைத் தாய் தேவை என்ற மருத்துவச் சான்று வாங்க வேண்டும். பிறகு குழந்தையின் பெற்றோர் யார், பொறுப்பு யாருடையது என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உத்தரவு. உங்களுக்கு உடல், மனத் தகுதிச் சான்றுகள் தனியாக வேண்டும். இவையெல்லாம் கையில் வரும் வரை எந்த மாத்திரையும் தொடங்காதீர்கள்.

காப்பீடுதான் பலரும் கோட்டைவிடும் இடம். உங்கள் பெயரில் 36 மாதத்துக்கு அவர்கள் எடுத்துத் தர வேண்டும், பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்களும் அதில் அடங்க வேண்டும். உறவுக்குள் என்பதால் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடுவார்கள். பாலிசி நகலை வாங்கி, வாடகைத் தாய் கர்ப்பத்துக்கு இது செல்லுமா, காத்திருப்புக் காலம் உண்டா என்று காப்பீட்டு நிறுவனத்திடமே எழுத்தில் பதில் வாங்குங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் தருவது அவர்கள் கடமை. கர்ப்பப்பைக்குள் கரு வைக்கும் நிமிடம் வரை மனம் மாறி விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு, நாத்தனார் கோபித்துக்கொண்டாலும்.

நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். கலிபோர்னியாவில் இருக்கிறோம், வயது 33, இரண்டு சுகப்பிரசவம். ஒரு ஏஜென்சி ‘மொத்தம் 85,000 டாலர் வரை’ என்கிறது. உண்மையில் எவ்வளவு வரும்?
— வாசகி, ஃப்ரீமான்ட்

‘வரை’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தத் தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் முறை சுமப்பவருக்கு அடிப்படைத் தொகை பெரும்பாலும் 45,000 முதல் 65,000 டாலருக்குள் இருக்கும், கலிபோர்னியாவில் மேல்பக்கமாக. மீதி என்பது இரட்டைக் குழந்தை என்றால் இவ்வளவு, சிசேரியன் என்றால் இவ்வளவு, கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்தால் இவ்வளவு என்று, உங்கள் உடம்புக்குக் கஷ்டம் வந்தால் மட்டுமே விழும் பணம். எல்லாம் நல்லபடியாக நடந்தால் அந்த 85,000 வராது.

அடிப்படைத் தொகை 55,000 என்று வைத்துக்கொள்வோம். கரு வைத்த அன்றே அது தொடங்காது. ஆறு, ஏழாம் வாரத்தில் ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்த பிறகு, மாதம் 5,500 வீதம் பத்துத் தவணை என்பது வழக்கமான ஏற்பாடு. 14-வது வாரத்தில் கர்ப்பம் கலைந்தால் இரண்டு, மூன்று தவணையோடு நின்றுவிடும். கரு ஒட்டவே இல்லை என்றால், மருந்து தொடங்கியதற்கும் கரு வைத்ததற்கும் பேசிய சிறு தொகைகள் மட்டும். விண்ணப்பம் போட்டதிலிருந்து பிரசவம் வரை ஒன்றரை ஆண்டு ஆகலாம். அதன் முதல் பாதியில் பெரிதாகப் பணம் எதுவும் வராது. இந்தப் பணத்தை நம்பி வீட்டுக் கடன் தவணை கட்டத் திட்டமிடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒப்பந்தத்தில் சில வரிகளை நீங்களே படித்துப் பாருங்கள். குறைமாதத்தில் பிறந்தால் எந்த வாரத்திலிருந்து முழு அடிப்படைத் தொகை உண்டு? டாக்டர் படுக்கையில் இருக்கச் சொன்னால் உங்கள் சம்பள இழப்பு எத்தனை வாரத்துக்கு, உச்சவரம்பு எவ்வளவு? வீட்டு வேலைக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வைக்கும் செலவு யாருடையது? பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் இது தொடருமா? ‘நியாயமான செலவுகள்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். தொகை, கால அளவு, ரசீது வேண்டுமா வேண்டாமா என்று மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் கலிபோர்னியச் சட்டப்படி கட்டாயம். ஃபீஸைக் குழந்தை கேட்பவர்கள் கட்டுவார்கள், ஆனால் அவர் உங்களுக்காக மட்டும் பேச வேண்டியவர். கரு வைப்பதற்கான மருந்து தொடங்கும் முன் இரு தரப்பும் கையெழுத்திட்டு முடித்திருக்க வேண்டும். ‘ஊசியை ஆரம்பித்துவிடுங்கள், பேப்பர் வந்துகொண்டிருக்கிறது’ என்று கிளினிக் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பணம் ஏஜென்சியின் கையில் இருக்கக் கூடாது. பிணைத்தொகை கட்டிய, சுயேச்சையான எஸ்க்ரோ கணக்கிலோ (இரு தரப்பையும் சேராத மூன்றாம் நிறுவனம் பணத்தைக் காத்து வைக்கும் கணக்கு), கட்சிக்காரர் பணத்துக்கென்று வழக்கறிஞர் தனியாக வைத்திருக்கும் கணக்கிலோ முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். எஸ்க்ரோ என்றாலே பாதுகாப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். 2024-ல் டெக்சஸின் ஹூஸ்டனில் ஓர் எஸ்க்ரோ நிறுவனத்தில் போட்டிருந்த பணம் கிடைக்காமல், கர்ப்பமாக இருந்த பெண்களுக்குத் தவணைகள் நின்றுபோய், எஃப்.பி.ஐ. விசாரணை வரை போனது. கணக்கின் இருப்பை நீங்களே இணையத்தில் பார்க்கும் வசதி இருக்கிறதா என்றும், இருப்பு எந்த அளவுக்குக் கீழே போனால் அவர்கள் உடனே நிரப்ப வேண்டும் என்றும் கேளுங்கள்.

வரி விஷயம்: ஏஜென்சி படிவம் அனுப்பவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. கருமுட்டை கொடுத்த ஒரு பெண்ணின் வழக்கில், அந்தப் பணம் வரிக்குரிய வருமானம்தான் என்று அமெரிக்க வரி நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. வாடகைத் தாய் பணத்துக்கும் அதே வாதம் வரக்கூடும். கணக்காளரைப் பார்க்கும் வரை ஒவ்வொரு தவணையிலும் கால்பங்கை எடுத்து வையுங்கள்.

உங்கள் அலுவலகக் காப்பீட்டையும் திறந்து பாருங்கள். பல பாலிசிகள் வாடகைத் தாய் கர்ப்பத்தை ஏற்பதில்லை. சில, செலவைக் கொடுத்துவிட்டு உங்கள் தொகையிலிருந்து திருப்பிக் கேட்கும். பாலிசியை வழக்கறிஞரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்கிய பிறகே கையெழுத்து.

கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறேன். வேலை அனுமதி இல்லை. நானும் விண்ணப்பிக்கலாமா?
— வாசகி, நியூ ஜெர்ஸி

வேண்டாம். பெரும்பாலான ஏஜென்சிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கின்றன. வேலை அனுமதி இல்லாமல் பணம் பெற்றது நாளை உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கேள்வியாக வரலாம். ‘அன்பளிப்பு என்று எழுதிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் நம்பாதீர்கள்.

ஏற்கெனவே இரண்டு பெற்றவள், எனக்கு இதெல்லாம் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். சாதாரணக் கர்ப்பத்துக்கும் இதற்கும் உடம்பளவில் என்ன வித்தியாசம்?
— வாசகி, டாலஸ்

நிறைய இருக்கிறது. வழக்கமான முறையில், இரண்டு, மூன்று வாரம் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துக் கர்ப்பப்பையின் உட்சவ்வை 7, 8 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு புரொஜெஸ்டிரோன். அது தொடங்கிய ஆறாம் நாளில், ஐந்து நாள் வளர்த்து உறையவைத்த கருவை வைப்பார்கள். ஒன்பது, பத்து நாள் கழித்து ரத்தப் பரிசோதனை.

அந்தப் புரொஜெஸ்டிரோன்தான் பெண்களைப் படுத்தும். எள்ளெண்ணெயில் கரைத்த மருந்தை ஒன்றரை அங்குல ஊசியால் இடுப்பின் பின்பக்கம், மேல் வெளிப்புறத்தில், தினமும், பத்தாம் வாரம் வரை. எண்ணெய் கெட்டியாக இருப்பதால் குப்பியைக் கையில் வைத்துச் சூடாக்கி, மெதுவாக ஏற்றி, தேய்த்துவிட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே முடிச்சாகக் கட்டிக்கொள்ளும். நாளுக்கு ஒரு பக்கமாக மாற்றிப் போடுங்கள். தடிப்பும் அரிப்பும் வந்தால் எள் ஒவ்வாமையாக இருக்கலாம், வேறு எண்ணெயில் கரைத்த மருந்து உண்டு. ஒரு வேளையும் தவறவிடக் கூடாது. இந்தச் சுழற்சியில் உங்கள் உடலில் முட்டை வெளியாவதில்லை, ஆகவே உடம்பு அந்த ஹார்மோனைத் தானாகச் சுரக்காது. நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை ஊசிதான் கர்ப்பத்தைத் தாங்குகிறது.

பி.பி. ஏறும் அபாயமும் இப்படிப்பட்ட சுழற்சியில் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மாதவிடாய் ஒழுங்காக வருபவர் என்றால், முட்டை தானாக வெளியாகும் உங்கள் இயற்கையான மாதச் சுழற்சியிலேயே கருவை வைக்க முடியுமா என்று கேளுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 2012 முதல் 2021 வரையிலான பிரசவங்களைப் பார்த்த ஆய்வில், கடுமையான தாய்நலச் சிக்கல் இயல்பாகக் கருத்தரித்தவர்களில் 2.3 சதவீதம், வாடகைத் தாய்களில் 7.8 சதவீதம். ஒரே ஒரு கருவை மட்டும் வைப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இரட்டைக்கான கூடுதல் டாலருக்காக இதில் இறங்காதீர்கள். மூன்று சிசேரியனுக்கு மேலோ ஐந்து பிரசவத்துக்கு மேலோ ஆகியிருந்தால் இதற்கு முன்வராமல் இருப்பதே நல்லது, அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும் அதுதான்.

கனடாவிலும் அமெரிக்கா மாதிரி சம்பளம் உண்டா?
— வாசகி, ஸ்கார்பரோ

இல்லை. வாடகைத் தாய்க்குப் பணம் கொடுப்பது அங்கே 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், கொடுப்பவருக்கு 5 லட்சம் கனடிய டாலர் வரை அபராதமோ 10 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். செலவைத் திருப்பித் தரலாம், ரசீதோடு. பயணம், மளிகை, கர்ப்பகால உடை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு, காப்பீடு, சட்ட ஆலோசனை எல்லாம் அதில் அடங்கும். வேலை செய்தால் உங்களுக்கோ கருவுக்கோ ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சம்பள இழப்பும் கிடைக்கும். கடிதம் வேலையை நிறுத்தும் முன்பே கையில் இருக்கட்டும். ஒன்டாரியோவில் குழந்தை பிறந்து ஏழு நாள் ஆன பிறகே, பெற்றோர் உரிமையை விட்டுக்கொடுக்கும் உங்கள் சம்மதம் செல்லும்.

பிரசவம் முடிந்து குழந்தையைக் கொடுத்த பிறகு எதற்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?
— வாசகி, சான் ஹோசே

பிரசவத்தோடு ஏஜென்சியின் போன் குறைந்துவிடும். உடம்புக்கு அது தெரியாது. மூன்றாம், நான்காம் நாளில் பால் கட்டும், காய்ச்சல் வரலாம். பால் எடுத்துக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வாரத்துக்கு இவ்வளவு, பம்ப், அனுப்பும் செலவு யாருடையது என்பதை முன்பே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் இறுக்காமல் நன்றாகத் தாங்கும் உள்ளாடை, குளிர் ஒத்தடம், மார்பைக் கறக்காமல் இருப்பது.

விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, முகத்தில் வீக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், ‘எனக்குப் பிரசவம் ஆகி இத்தனை நாள்’ என்று வாசலிலேயே சொல்லுங்கள். கையில் குழந்தை இல்லாததால் அவர்களுக்குத் தானாகத் தெரியாது. பி.பி. ஆபத்து ஆறு வாரம் வரை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் இருந்தால் மனநல ஆலோசனை வேண்டும். அந்தச் செலவும் காப்பீட்டின் கடைசி நாளும் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று இப்போதே குறித்து வையுங்கள்.