பெண்களைத் திறந்த மூல மென்பொருளுக்குள் (எவரும் நிரல்வரிகளைப் பார்க்கவும் திருத்தவும் கூடிய மென்பொருள்) கொண்டுவர வழிகாட்டித் திட்டங்கள் உண்மையிலேயே உதவுகின்றனவா? பணமில்லாத சிறிய குழுவும் அப்படி ஒன்றைத் தொடங்கலாமா?

உதவுகின்றன என்பதே, இத்தகைய திட்டங்களில் வழிகாட்டியாக இருந்துவரும் என் பதில். தொடங்கலாமா என்பதற்கு வருமுன், நடத்திக் காட்டிய ஒரு திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாணவர்கள் கோடையில் திறந்த மூல மென்பொருள் எழுத உதவித்தொகை தரும் கூகுளின் சம்மர் ஆஃப் கோட் திட்டத்துக்காக, லினக்ஸ் கணினிகளுக்கான திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் அமைப்புக்கு 2006இல் 181 விண்ணப்பங்கள் வந்தன; அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணுடையது அல்ல. க்னோம் ஏறத்தாழ அதே வாய்ப்பைப் பெண்களுக்கென்று தனியாக அறிவித்து, கற்றுக்கொடுக்க ஒருவர் உடனிருப்பார் என்பதை அழுத்திச் சொன்னபோது, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தார்கள். பெண்களுக்கு ஆர்வமில்லை என்று இன்றும் பேசுவோருக்கு இதைவிட நேரடியான மறுப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நின்றுபோயிருந்த அந்த முயற்சிக்கு 2010இல் க்னோம் பங்களிப்பாளர் மரீனா ஜுராகின்ஸ்காயா மீண்டும் உயிர் கொடுத்தார்; 2013இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை உருவாக்கும் திட்டம் அதில் சேர்ந்தது; 2015இல் அது சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற லாபநோக்கற்ற அமைப்பின் கீழ் வந்து அவுட்ரீச்சி என்று பெயர் பெற்றது. இப்போது பெண்களோடு, இத்துறையில் ஒதுக்கப்பட்ட பிறரும் அதில் சேரலாம்.

அத்திட்டத்தில் நான் பெரிதும் மதிப்பது, தேர்வுக்கு முன்பே ஒவ்வொரு விண்ணப்பதாரரும் ஒரு சிறு பங்களிப்பைச் செய்தாக வேண்டும் என்ற விதியை. கெர்னலுக்கு விண்ணப்பிப்பவர் இன்னும் மெருகேற வேண்டிய நிரல்கள் இருக்கும் ஸ்டேஜிங் பகுதியில் உள்ள ஒரு டிரைவரை (ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்) எடுத்து, செக்பேட்ச் என்ற சோதனைக் கருவி சுட்டிக்காட்டும் ஒரு குறையை, வரியின் இறுதியில் வீணாக நிற்கும் ஓர் இடைவெளியைக்கூட, நீக்கி, கம்பைல் செய்து பார்த்து, ஏன் மாற்றினேன் என்ற விளக்கத்துடன் அந்தத் திருத்தத்தை, அதாவது பேட்சை, மின்னஞ்சலில் அனுப்புகிறார். விளக்கம் போதவில்லை என்று பதில் வருகிறது. திருத்தி, இரண்டாம் பதிப்பு என்று குறித்து மீண்டும் அனுப்புகிறார். மாற்றம் அற்பமானதுதான், ஆனால் அதற்குள் அவர் கெர்னலின் முழு நடைமுறையையும் ஒருமுறை கடந்துவிடுகிறார். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் இந்த நடைமுறையை இரவு வெகுநேரம் சீனியர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். மாலையிலேயே விடுதிக்குத் திரும்பியாக வேண்டிய மாணவிகளுக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. வழிகாட்டி ஈடுசெய்வது இந்த இழப்பைத்தான்.

அவுட்ரீச்சி தரும் உதவித்தொகையையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. மூன்று மாதங்களுக்கு 7,000 டாலர் கிடைக்கும்போது, பகலெல்லாம் கணினி முன் இருப்பதை வீட்டாரிடம் வேலை என்றே சொல்ல முடிகிறது. திருமணமான பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய பலம் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பலர் விலகிப்போவது அந்த மூன்று மாதங்கள் முடிந்த பிறகு. அதுவரை பேட்ச் அனுப்பியவரை அடுத்து வருபவரின் பேட்சைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஏதேனும் ஒரு சிறு பகுதிக்கு அவர் பெயரையே பராமரிப்பாளராக எழுதுங்கள்.

ஆகவே, தொடங்கலாம். பணமில்லாத நிலையில் மூன்று மாத முழுநேர உழைப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். புதியவர்கள் தொடக்கூடிய சிறு பிழைகளைத் தனியே குறித்து வைத்து, யார் கேட்டாலும் இரண்டு நாளுக்குள் பதில் எழுதும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை அறிவிப்பை வெளியிட வேண்டாம்.