பூட்டிய கதவும் பூட்டாத மனமும் – ஒரு கடிதம்

ஐயா,

தேவகோட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில், எங்கள் பழைய வளவு வீட்டில் ஆத்தாவும் தம்பியும் நானும் என் மகளும் வசிக்கிறோம். தம்பிக்கு 24 வயது. காரைக்குடியில் கணக்கெழுதும் வேலைக்குப் போகிறான். இரண்டு ஆண்டுகளாக முகப்புக் கதவைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறான். செல்போனில் பூட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டான். இப்போது அந்தப் படம் நேற்று எடுத்ததாக இருக்குமோ என்று கேட்கிறான். "அக்கா, பூட்டினேனா?" என்று பத்து, பதினைந்து முறை தொலைபேசியில் கேட்பான், நானும் ஒவ்வொரு முறையும் "பூட்டியாச்சு" என்பேன். பிள்ளையார்பட்டிக்கு வருவதை நிறுத்திவிட்டான். சன்னிதியில் நின்றால் சாமியைப் பற்றிச் சொல்லக்கூடாத சொற்கள் மனத்தில் வருவதாக என்னிடம் மட்டும் சொன்னான். ஆத்தா கோடாங்கியிடம் அழைத்துப்போய்த் தாயத்துக் கட்டினார். பன்னிரண்டு வயதான என் மகளும் உச்சந்தலை முடியைப் பிய்த்துக்கொள்கிறாள். அம்மானுக்கு வந்ததுதான் அவளுக்கும் வந்துவிட்டதா? நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தம்பியின் மீதுள்ள அன்பினால் நீங்கள் பதினைந்து முறை சொல்லும் "பூட்டியாச்சு" என்ற பதில்தான் பதினாறாவது கேள்வியை உண்டாக்குகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இதையே நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

எங்கள் அப்பத்தா இரவில் முகப்பிலிருந்து பின்கட்டுவரை ஒவ்வொரு கதவாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பார். படுத்தவர் எழுந்து மறுபடியும் முதல் கதவிலிருந்து தொடங்குவார். ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய்விட, சாவிக்கொத்து பெண்களின் இடுப்பிலேயே இருந்த காலத்தில் வளர்ந்தவர் என்பதால் அதை வீட்டார் பொறுப்பு என்றே எண்ணினார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்த சிறுவன் நான். "எல்லாம் பூட்டியிருக்கு அப்பத்தா" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். திண்ணையிலிருந்து பட்டாலைக்கு வந்து சேர்வதற்குள் அது போய்விடும். அந்த நிம்மதி ஏன் நிற்கவில்லை என்பது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மார்செல் வான் டென் ஹூட், மெரெல் கிண்ட் என்ற நெதர்லாந்து உளவியலாளர்கள் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எந்த நோயும் இல்லாத மாணவர்களைக் கணினித் திரையில் ஓர் எரிவாயு அடுப்பை ஏற்றவும் அணைக்கவும் அணைந்ததா என்று சரிபார்க்கவும் செய்தார்கள். ஒரு குழு அந்த அடுப்பையே 20 முறை சரிபார்த்தது. மற்றொரு குழு விளக்குகளைச் சரிபார்த்துவிட்டு இறுதியில் மட்டும் அடுப்புக்கு வந்தது. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் நினைவு பெரிதாகப் பிழைபடவில்லை, ஆனால் அந்த நினைவின் தெளிவும் அதன்மீது அவர்களுக்கிருந்த நம்பிக்கையும் வெகுவாகக் குறைந்துபோயின. பலமுறை செய்த செயல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, கடைசியாகச் செய்தது எது என்று மனத்தால் பிரித்தெடுக்க முடியாமல் போகிறது. உங்கள் தம்பி செல்போன் படத்தை நேற்றையதோ என்று ஐயுறுவது இதே வழியில்தான். ஐயத்தைத் தீர்ப்பதற்காகச் செய்யும் செயலே ஐயத்தை வளர்க்கிறது என்ற இந்த ஒன்றை உங்கள் வீட்டார் அனைவரும் புரிந்துகொண்டால் பாதி வழி கடந்த மாதிரி.

இதை மருத்துவர்கள் ஓசிடி என்றும் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்றும் சொல்கிறார்கள். விரும்பாத எண்ணம் ஒன்று வலிய வந்து அச்சத்தைத் தரும். அதை அடக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். நம் பக்கத்தில் சிலர் இதைச் சந்தேக நோய் என்று சொல்லிவிடுகிறார்கள், அது பிறரைச் சந்தேகிக்கும் வேறொரு நோய்க்குரிய பெயர். உங்கள் தம்பி சந்தேகிப்பது தன்னை மட்டும்தான், அதுவும் தன் ஐயம் பொருளற்றது என்று பெரும்பாலும் தெரிந்துகொண்டே. கதவை இருமுறை பார்ப்பவரெல்லாம் நோயாளி ஆவதில்லை. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதற்குப் போனாலோ, வேலையும் உறவும் குலைந்தாலோதான் மருத்துவம் இதை நோயாகக் கொள்கிறது. 2015-16இல் பெங்களூரிலுள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி நம் நாட்டில் வயதுவந்தோரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் இதை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

சன்னிதியில் வரும் சொற்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தம்பி அதிகமாகத் துன்புறுவது அங்கேதான் என்று தோன்றுகிறது. 1978இல் ராக்மன், டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் நோயில்லாத மக்களிடம் கேட்டபோது, அவர்களிலும் பெரும்பாலோருக்கு இழிவான, வன்முறையான, தெய்வ நிந்தனையான எண்ணங்கள் அவ்வப்போது வந்துபோவது தெரிந்தது. மற்றவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். தெய்வத்தின்மீது ஆழ்ந்த பற்றுடையவரோ 'இப்படி நினைத்த நான் எப்படிப்பட்டவன்' என்று அதைப் பிடித்துக்கொள்கிறார். விரட்ட விரட்ட அது வலுக்கிறது. குழந்தையை உயிராக நினைக்கும் தாய்க்குக் குழந்தையைத் தானே காயப்படுத்திவிடுவோமோ என்ற எண்ணம் வருவதும் இவ்வாறே. எதை மிகவும் மதிக்கிறோமோ அதையே இந்நோய் பற்றிக்கொள்கிறது. தம்பிக்கு வருவது பாவமும் இல்லை, செய்வினையும் இல்லை. தாயத்தைப் பற்றி ஆத்தாவிடம் சண்டையிட வேண்டாம், அவர் தமக்குத் தெரிந்த வழியில் பிள்ளையைக் காக்க முயன்றிருக்கிறார். ஆனால் அத்துடன் நின்றுவிடக் கூடாது.

இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த முறை இன்றும் முதன்மையாக இருக்கிறது: அச்சம் தரும் நிலையை வேண்டுமென்றே எதிர்கொள்வது, வழக்கமான சரிபார்ப்பைச் செய்யாமல் இருப்பது. எளிதானதிலிருந்து தொடங்குவார்கள். முதலில் பின்கட்டுக் கதவை ஒருமுறை பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். பதற்றம் ஏறும், பிறகு பூட்டைத் தொடாமலேயே தானாக இறங்கும். பல வாரப் பயிற்சிக்குப் பின்புதான் முகப்புக் கதவு. செர்ட்ராலின், ஃப்ளூவாக்சமைன் போன்ற மாத்திரைகளும் பயன்படுகின்றன. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலான அளவு தேவைப்படுவதுண்டு. பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் 'மருந்து கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுபவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

உங்கள் மகளுடையது உறவுடைய, ஆனால் வேறான நிலையாக இருக்கலாம். 2013இல் வெளியான அமெரிக்க மனநோய் வகைப்பாடு முடி பிய்ப்பதையும் தோலைக் கிள்ளுவதையும் எண்ணச் சுழற்சி நோயின் அருகிலேயே வைத்தது. ஆயினும் முடி பிய்க்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பின்னால் அச்சமூட்டும் எண்ணம் இராது. படிக்கும்போதோ தொலைக்காட்சி பார்க்கும்போதோ கை தானாக மேலே போகும். அது போவதை உணரவும் அக்கணத்தில் கைக்கு வேறு வேலை கொடுக்கவும் பழக்கும் முறையை 1973இல் அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் வகுத்தார்கள். இரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும் என்பது உண்மை, அம்மானுக்கு வந்தது மருமகளுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. அவளைத் திட்டுவதோ கையில் அடிப்பதோ இருந்தால், அதை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் வீட்டிலிருந்தே பேச விரும்பினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்வதை நாளையே முழுதாக நிறுத்திவிடாதீர்கள். அது அவனைத் தனியே விட்டதுபோல் ஆகும். மருத்துவரோடு கலந்து, அவனும் ஒப்புக்கொண்ட பிறகு, "பூட்டினேனா அக்கா?" என்று அவன் கேட்கும்போது, "நோய் கேட்கிறதப்பா, உனக்குச் சிரமமாக இருப்பது எனக்குத் தெரிகிறது, கொஞ்ச நேரம் இப்படியே இருப்போம்" என்று சொல்லித் தொலைபேசியைத் துண்டிக்காமல் இருங்கள். உங்கள் கடிதத்தில் ஊரையும் பெயரையும் நீக்கியிருக்கிறேன். இந்தப் பதிலை ஆத்தாவிடம் காட்டும் முன் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்த்து வந்தபின் எனக்கு எழுதுங்கள்.