சுவருக்கு முன்னாடி மண்ணப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கும்பகோணம் பக்கத்துல வயலா இருந்து மனையான எடத்துல 900 சதுர அடில வீடு கட்டப்போறோம். பையன் சென்னையில ப்ரீகாஸ்ட்ல, அதாவது முன்னாடியே வார்த்து வெச்ச காங்கிரீட் துண்டுகள அடுக்கி, மடமடன்னு கட்டுறாங்க, நாமளும் அப்படியே கட்டுவோம்ங்குறான். கொத்தனார் காளவாய் செங்கல்லே போதும்ங்குறார். செலவும் குறையணும், வீடும் குளுமையா இருக்கணும். என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, முதல்ல சித்திரை வெயில்ல அந்த மனையில போய் நின்னு பாருங்க, தரை பாளம் பாளமா வெடிச்சு விரல் உள்ள போகுதுன்னா அது களிமண்ணு, மழைக்கு ஊதும் வெயிலுக்குச் சுருங்கும். எங்கப்பா பாபநாசத்துல கட்டுன வீட்டுல அஸ்திவாரத்த 3 அடியோட நிறுத்திட்டாங்க, கதவு நிலை மூலையிலேர்ந்து குறுக்கால ஒரு விரிசல், ஐப்பசி அடைமழையில தானா மூடிக்கும், பங்குனி வந்தா திரும்ப வாயத் திறக்கும், அஞ்சு ரூவா காச சொருகலாம். எத்தன தடவ பூசியும் நிக்கல.

அதனால மண் பரிசோதனைக்கு யோசிக்காம காசு குடுங்க. களின்னு வந்தா அண்டர் ரீம்டு பைல் போடச் சொல்லுங்க, பூமிக்குள்ள ஆழமா இறக்குற காங்கிரீட் தூண் அது, ரூர்க்கியில இருக்குற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் (சிபிஆர்ஐ) உருவாக்குனது, குழியோட அடிப்பக்கம் குமிழ் மாதிரி அகலமா இருக்கும், அதனால மேல்மண்ணு ஊதுனாலும் சுருங்குனாலும் ஆழத்துல இருக்குற அசையாத மண்ணப் பிடிச்சுட்டு நிக்கும்.

இங்க செலவானத சுவர்லயும் கூரையிலயும் மிச்சம் பிடிக்கலாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளாவுல பரப்புன எலிப்பொறிக் கட்டு தெரியுமா? செங்கல்ல படுக்க வைக்காம குத்துக்க வெச்சு நடுவுல 3 அங்குலம் காலியா விடுறது. 9 அங்குலச் சுவருக்கு நாலுல ஒரு பங்கு கல்லு மிச்சம், கலவையும் குறையும், அந்தக் காத்து இடைவெளி வெயில் சூட்ட அவ்வளவா உள்ள விடாது. நம்ம ஊருல செங்கல்லுன்னா வயலோட மேல்மண்ணுதானே, நெல்லு வெளைஞ்ச மண்ண வெட்டி வேக வெக்கிறோம், ஒரு கல்லு குறைஞ்சாலும் எனக்கு அது பெரிய விஷயம். ஆனா காளவாய் கல்லு ஒண்ணு நீட்டம் ஒண்ணு குட்டையா இருந்தா இந்தக் கட்டு வராது, அளவு பார்த்து வாங்குங்க, கரண்ட் பைப் எங்க போகுதுன்னு சுவர் எழும்புறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, அப்பறம் உளியால கொத்துனா கல்லே உடைஞ்சிடும்.

கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப். தளத்தோட அடிப்பக்கம் இழுவிசைய தாங்குறது கம்பிதான், அங்க காங்கிரீட்டுக்கு பெருசா வேல இல்ல, அதனால கம்பிகளுக்கு நடுவுல பழைய மங்களூர் ஓட வெச்சு ஊத்துவாங்க. தெருவுல இடிக்கிற வீட்டு ஓடே போதும். முன்னாடியே தண்ணில நல்லா ஊறப்போடணும், இல்லன்னா காங்கிரீட்டுல இருக்குற தண்ணிய ஓடு உறிஞ்சிடும். கம்பி இடைவெளி எஞ்சினியர் கணக்குப்படிதான், கொத்தனார் கண்ணளவு வேணாம்.

பையன் சொல்ற ப்ரீகாஸ்ட் நல்ல முறைதான், சென்னை பெரும்பாக்கத்துல மத்திய அரசோட லைட் ஹவுஸ் வீட்டுத் திட்டத்துல 1,152 வீடு அப்படித்தான் எழும்புச்சு, 2021 ஜனவரியில அடிக்கல், 2022 மே மாசம் திறப்பு. ஆனா அது ஒரே அச்சுல நிறைய வீடு வார்த்து கிரேன்ல தூக்கி அடுக்குற வேல, உங்க ஒத்த வீட்டுக்கு அச்சுக்கூலியும் கிரேன் வாடகையும் கட்டுப்படி ஆகாது.

கேள்வி: அஸ்திவாரம் தோண்டுன மண்ணுலயே ஆரோவில் மாதிரி சுடாத மண்கல் அழுத்தி கட்டலாமா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: அப்படியே முடியாது தம்பி. 5 சதவீதம் சிமெண்ட் போட்டு அழுத்துற கல்லுக்கு மணல் கலந்த மண்ணுதான் தோதுப்படும், வெறும் களில செஞ்சா காயுறப்பவே வெடிக்கும். மணல் கலக்கலாம், இல்ல சிமெண்டுக்கு பதிலா சுண்ணாம்பு சேர்த்துப் பார்க்கலாம். ரெண்டு விதமாவும் பத்துப் பத்து கல்லு செஞ்சு, நல்லா பதமானதும் ஒரு நாள் முழுக்க தண்ணில போட்டு வைங்க, ஓரம் கரையாம இருந்தா லேப்ல குடுத்து பலம் பாத்துட்டு மேற்கொண்டு செய்ங்க.